வெளியே விடப்பட்ட நிலம்

2017ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிச் சென்னையிலிருந்து ஒரு பாட்டு வெளிவந்தது. திரைப்படம் எதிலும் இடம்பெறாத தனிப்பாட்டு. ஒலிநாடாவாகவோ குறுந்தகடாகவோ வராமல், காட்சிப்படமாகவே இணையத்தின் வழியாக வீடுதோறும் சென்று சேர்ந்தது. ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டவுடன் முகம் சுளித்தவர்கள் உண்டு. தெருச்சண்டையில் வாயிலிருந்து தெறிக்கும் வசைச்சொல் ஒன்றைக் கச்சேரி மேடையில் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் ஆனந்தபைரவியில் இழைத்துப் பாடினால் அந்தச் சுளிப்பு இயல்புதான். ஆனால் அச்சொல் எப்போது வசையாயிற்று, அதற்குமுன் என்னவாக இருந்தது என்று கேட்கப் புகுந்தால் நம் நாட்டு நிலவரலாற்றின் பெரும்பகுதி கண்முன் விரிகிறது. அன்றியும், இப்பாட்டு படமாக்கப்பட்ட இடம் நம் எண்ணூர்க் கழிமுகம். அது பேசும் பொருள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் வாழும் நம்மில் பலருடைய வாசல்வரை வந்துவிட்ட பொருள்.

பாடியவர் டி.எம். கிருஷ்ணா, 2016ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவர். பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி. திரைத்துறையை நம்பியிராமல், தம் பாடல்களைத் தாமே எழுதித் தாமே பாடி வெளியிட்டு வந்த இளைய கலைஞர்களுள் ஒருவர். இவ்வகை இசையை இக்காலத்தில் ‘இண்டி’ என்று அழைக்கிறார்கள். தனியிசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மெட்டமைத்தவர் வயலின் வித்துவான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். கருத்தை வகுத்தவர் சுற்றுச்சூழல் எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான நித்தியானந்த் ஜெயராமன். சபாக்களின் இசையும், இளைஞர்களின் தனியிசையும், கழிமுக மீனவர்களின் வழக்கும் இப்படி ஒரே பாட்டில் வந்து கூடின.

ரதீந்திரனுக்கு இது முதல் முயற்சி அன்று. 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்னும் இளம்பெண் ராப் பாணியில் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற பாட்டையும் அவரே படமாக்கினார். கொடைக்கானலில் பாதரசக் கழிவை விட்டுச்சென்ற வெப்பமானித் தொழிற்சாலை பற்றியது அது. 2001ல் மூடப்பட்ட அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2016 மார்ச்சில் உடன்படிக்கை செய்துகொண்டது. பதினைந்தாண்டு மனுக்களும் வழக்குகளும் சாதிக்காததைச் சில நிமிடப் பாட்டு சாதித்துவிட்டது என்று அந்நாளில் பலர் எழுதினார்கள். அது மிகை. தொழிலாளர்கள் விடாமல் நடத்திய போராட்டம் இல்லையேல் பாடுவதற்கே பொருள் இருந்திராது. எனினும், அதுவரை மலையிலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒரு முறையீட்டை உலகத்தின் காதில் ஏற்றியது அப்பாட்டு என்பதில் ஐயமில்லை. எண்ணூருக்கும் அத்தகைய காது தேவைப்பட்டது.

சென்னைப் பொறம்போக்குப் பாடலின் காட்சி எளிமையானது. கதை இல்லை, ஆட்டம் இல்லை. கச்சேரிக்கு உரிய பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் சபாவின் குளிர்ந்த மண்டபத்தில் அமராமல், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் எதிரே, சாம்பல் படிந்த வெளியில், கழிமுகத்தின் கரையில் நின்று இசைக்கிறார்கள். பாடகரின் முகத்தில் மூச்சுக்கவசம். 2020க்குப் பின் இதைப் பார்க்கும் பிள்ளைகள் கொள்ளைநோய்க் காலப் படம் என்று எண்ணக்கூடும். அந்நாளில் நம்மிடையே முகக்கவசம் அணிந்து நடமாடுவோர் அரிது. ஆதலால் அக்காட்சி ஒரு திடுக்கீட்டை உண்டாக்கியது. மொழியோ சென்னைத் தெருமொழி. மெட்டோ இராகமாலிகை: ஆனந்தபைரவியில் தொடங்கி, பேகடா, தேவகாந்தாரி முதலிய இராகங்களின் வழியே நடந்து சிந்துபைரவியில் போய் நிற்கிறது. தெலுங்கிலும் வடமொழியிலும் செந்தமிழிலும் பழகிய இராகங்களுக்குள் வடசென்னைப் பேச்சு நுழையும்போது இரண்டில் ஒன்று தலைகுனிய வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இரண்டும் நிமிர்ந்தே நிற்கின்றன.

பாட்டின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புறம்போக்கு என்பது யாருக்கும் ஆகாத நிலம் அன்று, எல்லாருக்கும் ஆன நிலம். அதை விற்கவோ வளைக்கவோ எவருக்கும் உரிமையில்லை. எண்ணூரில் அதை ஆலைகள் விழுங்கின. நகரத்தின் தெற்கே சதுப்பு நிலத்தைக் கட்டடங்கள் விழுங்கின. மழை வந்தபோது வெள்ளம் தன் வழியைத் தேடி வீடுகளுக்குள் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின் ஈரம் காயாத காலத்தில் எழுதப்பட்ட பாட்டு அல்லவா! முடிவில் பாடகர் தம்மையே அந்த வசைப்பெயரால் அழைத்துக்கொள்கிறார். அந்த இடத்தைப் பற்றிப் பின்னர் பேச வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். புறம் என்றால் வெளி; போக்கு என்றால் போதல், விடப்படுதல். வரிக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் தீர்வையோடு தொடர்புடைய சொல்லாகவே இதைக் காட்டும். ஏன் வெளியே விடப்பட்டது? பயனற்றது என்பதாலன்று. அதன் பயன் ஊர் முழுவதற்கும் உரியது. ஒருவன் பெயரில் எழுதி அவனிடம் வரி வாங்க முடியாது. அதனால்தான்.

இவ்வழக்கம் நாம் நினைப்பதினும் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஊர்களைக் குறிக்கும் கல்வெட்டுகள், தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் நுணுக்கமாக அளந்து கூறிவிட்டு, அதில் வரியில்லாமல் கழிக்க வேண்டியவற்றை அக்கல்வெட்டுகள் அடுக்குகின்றன: மக்கள் குடியிருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு, தன் வருவாய்க்கு இன்றியமையாத நிலக்கணக்கை எழுதும்போதே, ‘இவை கணக்கில் வாரா’ என்று கையை எடுத்துக்கொள்கிறது. நீர் நிற்கவும், நீர் ஓடவும், மனிதர் குடியிருக்கவும், செத்தால் எரிக்கவும் புதைக்கவும் இடம் வேண்டும் என்ற அறிவு அக்கணக்கில் இருக்கிறது.

நம் பகுதிக்கும் பழைய கணக்குகள் உண்டு. நவாபிடமிருந்து கும்பினியார் பெற்ற செங்கற்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்னும் பொறியாளர் அளந்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அந்த ஜாகீருக்குள் அடங்கும். ஊர் ஊராக வீடு, தோப்பு, ஏரி, ஆறு, மலை, உப்பளம், காடு என்று அக்கணக்கு விரிகிறது. பின்னர் இரயத்துவாரி முறை நிலைபெற்றபோது நிலங்கள் யாவும் பட்டா நிலம், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று வகுக்கப்பட்டன. இன்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் இவ்வகைகளே நிற்கின்றன. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மயானம் என்று அதன் பிள்ளைகள் பல. நம் கிளைக்கிராமங்களில் சிற்றாலயங்கள் பல நத்தத்தில் நிற்பவை. நம் முன்னோர் துயிலும் கல்லறைத் தோட்டங்களில் எத்தனை பட்டா நிலத்தில் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். நாம் எல்லாரும் ஏதோ ஒருவகையில் புறம்போக்கில் வாழ்ந்து புறம்போக்கில் அடங்குகிறவர்கள்தாம்.

இதில் ஒரு திருப்பம் 1905ல் நேர்ந்தது. அவ்வாண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், சாலைகள், ஆறுகள், ஓடைகள், ஏரிகள், கடலின் கழிகள் முதலியவற்றை, தனியார்க்கு உரியவை நீங்கலாக, அரசின் சொத்து என்று அறிவித்தது. ஆக்கிரமிப்பவனைத் தடுக்கும் நோக்கம் அச்சட்டத்துக்கு உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் ஊரின் நிலம் அரசின் நிலமாயிற்று. ஊருக்கு உரியதை ஊர் மட்டுமே விட்டுக்கொடுக்க முடியும். அரசுக்கு உரியதை அரசு ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். பிற்காலத்தில் ஓர் அரசாணை எண்ணின் கீழ் மேய்க்கால் தொழிற்பேட்டையானதற்கும் கழி சாம்பல் குட்டையானதற்கும் கதவு இங்கேதான் திறந்தது என்பது என் துணிபு. சொல் வசையாக மாறியதும் இதற்குப் பிந்தியதாகவே இருக்க வேண்டும். ஊர் காவல் காத்த நிலம் எவனும் காவாத நிலமாயிற்று. எவனும் காவாத நிலம் வீண் நிலமாயிற்று. வீண் நிலத்தின் பெயர் வீணன் ஒருவனைத் திட்டும் பெயராயிற்று. 2015ல் எஸ்.பி. ஜனநாதன் தம் திரைப்படத்துக்குப் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’ என்று பெயரிட்டது, அச்சொல்லை மீட்கும் எண்ணம் இப்பாட்டுக்கு முன்பே கலைஞர் உள்ளத்தில் முளைத்திருந்தது என்பதைக் காட்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய ஊரைப் பொன்னுலகமாகச் சித்திரிக்கும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. இராசராசனின் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சுடுகாட்டோடு சேர்த்துப் பறைச்சேரியும் வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. தொண்டை மண்டலத்து ஊர்களில் மிராசுதாரர்களே தரிசிலும் மேய்ச்சலிலும் ஏரி மீனிலும் பங்கு கொண்டாடினர். 1818ல் எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதிய நூல் அதை விரிவாகப் பேசுகிறது. உழுதவனுக்கு அப்பங்கு இல்லை. 1891ல் செங்கற்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் தரிசு நிலத்தைக் கேட்டாலும் பெறவிடாமல் மிராசுதாரர் தடுப்பதை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. பொது நிலம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. புறம்போக்கு நிலத்தை மட்டுமன்று, புறத்தே வைக்கப்பட்ட மக்களையும் குறிக்கும் சொல்லாகவே அது நம் நாவில் வாழ்ந்திருக்கிறது. பாட்டின் முடிவில் பாடகர் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்வது இதனால்தான் கனம் பெறுகிறது. பிறப்பால் உள்ளே இருந்த ஒருவர், வெளியே வைக்கப்பட்டவர்களின் பெயரைத் தாமாக ஏற்கிறார். அதைப் பாசாங்கு என்று சொன்னவர்களும் உண்டு. அவ்வாறு பெயரை ஏற்பவர் வேண்டும்போது கழற்றிவிடலாம், மற்றவர் கழற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஏற்காமல் இருப்பதைவிட ஏற்பது நன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிளைக்கிராமம் ஒன்றில் இளைஞர்கள் இப்படத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது, ஆடு மேய்த்தே பிள்ளைகளை ஆளாக்கிய மூதாட்டி ஒருவர் என்னைக் கேட்டார்: “சாமி, பொறம்போக்குன்னா மேய்க்கால்தானே? எங்க ஆடெல்லாம் அதுலதானே மேஞ்சுது. அதைச் சொல்லி ஏன் திட்டுறாங்க?” சொல்லாராய்ச்சி செய்வோர் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார்.

எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் அது. 1806ல் பாசில் காக்ரேன் சென்னையிலிருந்து வெட்டிய கால்வாய் முதலில் எண்ணூரில்தான் முடிந்தது. பின்னர் பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீண்டு 1878ல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை வீதிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் இறாலும் நண்டும் மடவையும் கொண்டு வாழ்ந்தன. 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001ல் எண்ணூர்த் துறைமுகம், 2012 முதல் வல்லூர் அனல்மின் நிலையம், அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிலக்கரியை எரித்த சாம்பலை நீரில் குழைத்துக் குழாய் வழியே குட்டைக்குக் கொண்டுசெல்கிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் ஆற்றில் இறங்கும். பல ஆண்டுகள் அவ்வாறு இறங்கி, ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடங்களில் முழங்கால் நீர் நிற்கிறது. படகு தட்டுகிறது, இறால் வளர இடமில்லை. மின்சாரம் நம் எல்லார் வீட்டிலும் எரிகிறது, ஆலயத்து விளக்கிலும் எரிகிறது. சாம்பல் மட்டும் குப்பத்தில் தங்குகிறது.

இது ஆளில்லா வெளி அன்று என்பதற்குச் சற்று வடக்கே பழவேற்காடு ஏரியில் நடப்பதே சான்று. அங்கே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் படும் துறைகள் இன்னின்னவை என்று வகுத்து, எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்தத் துறையில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல துறை ஒருவனுக்கே நிலைத்துவிடாமல் முறை சுற்றிவரும். பாடு பெறும் உரிமை எல்லாச் சாதியார்க்கும் இருந்ததில்லை என்ற குறையும் இதில் உண்டு. ஆனால் பட்டா இல்லாத நீர்ப்பரப்பில் ஒழுங்கு இல்லை என்று கருதுவோர் இந்தச் சீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். அலுவலகக் கணக்கில் இதற்குப் பெயரில்லை; ஊரார் நினைவில் வரிசைப் பிறழாமல் இருக்கிறது.

பாட்டு வெளியான அதே மாதம் 28ஆம் நாள் விடியலில், காமராசர் துறைமுகம் என்று பெயர் மாறியிருந்த அதே எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. இளைஞரும் மீனவரும் கரையில் வாளி வாளியாக அதை அள்ளினார்கள். பாட்டைப் பார்த்துவிட்டு மறந்துபோக இருந்தவர்களுக்கும் எண்ணூர் என்ற பெயர் அப்போது பதிந்தது. அவ்வாண்டே இன்னொரு செய்தியும் வெளியாயிற்று. கடற்கரை மண்டலச் சட்டத்தின் கீழ் 1996ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பாகக் காட்டப்பட்டிருந்த எண்ணூர்க் கழி, பிற்காலத்து வரைபடம் ஒன்றில் காணாமல் போயிருந்தது. மண் கொட்டித் தூர்ப்பதற்கு முன்னால் காகிதத்தில் தூர்த்துவிட்டார்கள். நான் சொல்லின் வரலாற்றை இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம் இதுவே. நிலம் முதலில் பெயரில்தான் இழக்கப்படுகிறது.

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் வந்தால் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க் கண்டிகையில் இதே கதை, நீருக்குப் பதில் புல்லோடு. அவ்வூரார் பெரும்பாலும் தலித் மக்கள். ஊரை ஒட்டிய ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலமும் குறுங்காடும் 2007ஐ ஒட்டிச் சிப்காட் தொழிற்பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டன. ஆடுமாடு மேய்ந்ததும், விறகும் மூலிகையும் தந்ததும், மழைநீரை ஏரிகளுக்கு இறக்கிவிட்டதும் அந்நிலமே. பட்டா இல்லாததால் இழந்ததைக் கணக்கிட ஏட்டில் வழியில்லை. வயல் இழந்தவனுக்கு இழப்பீடு உண்டு. மேய்ச்சல் இழந்தவனுக்கு என்ன உண்டு? ஊரார் மறியல் செய்தனர், சிறை சென்றனர், நீதிமன்றம் ஏறினர். 2009ல் அங்கே வர ஒப்பந்தமிட்ட பிரெஞ்சு டயர் நிறுவனமான மிச்செலினுக்கு எதிராக, 2012ல் பிரான்சு நாட்டிலேயே முறையீடு தாக்கலாயிற்று. ஊரின் சங்கத்தோடு சேர்ந்து அதைக் கொண்டுசென்றவர்களுள் ‘சிசிஎப்டி’ என்னும் பிரெஞ்சுக் கத்தோலிக்க அமைப்பும் ஒன்று என்பது நம் வாசகர்க்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. நிறுவனம் நெறிமுறைகளை மீறவில்லை என்றும், இனிமேல் இன்னின்ன செய்க என்றும் அந்நாட்டு அமைப்பு 2013ல் கூறியது. ஆலை வந்தது. அதில் வேலை பெற்றவர்களும் உண்டு, நம் பங்குகளிலேயே உண்டு; அவர்கள் வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் தேர்வாய்க்கு ஒரு பாட்டு இல்லை. கடற்கரைக்குக் கிடைத்த பாடகர் காட்டுக்குக் கிடைக்கவில்லை. தனியிசைக் காட்சிப்படத்தின் எல்லை இங்கே தெரிகிறது: நகரத்தின் கேமரா போய்வரும் தூரத்தில் இருக்கும் துயரமே பாட்டாகிறது.

எண்ணூர்ப் பாட்டிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். கண் பெரும்பாலும் பாடகர்மேலேயே நிற்கிறது. அந்தக் கழியில் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் பாட்டு உண்டு. அது நம் காதுக்கு வரவில்லை.

கருநாடக இசை இப்படித் தெருவுக்கு வந்தது புதுமை என்று பேசினார்கள். அது சரியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோபாலகிருஷ்ண பாரதியார், நிலமற்ற கூலியாளான நந்தனின் கதையைக் கீர்த்தனைகளாக்கி, அக்காலப் பண்ணையார்களின் முன்னிலையிலேயே பாடினார். அவருடைய நண்பரும் கத்தோலிக்கருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி நடத்தினார். அதே காலத்துத் துயரம் அவர் கீர்த்தனைகளிலும் ஏறியது. முன்சீபாக இருந்து வழக்குகளைக் கேட்ட அக்காதுதான் இராகங்களையும் கேட்டது. 2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைக் கருநாடக இசையில் பாடப் புகுந்த கலைஞர்கள் மிரட்டப்பட்டபோது, மாதந்தோறும் இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ ஒரு பாடலை வெளியிடப் போவதாகக் கிருஷ்ணா அறிவித்தார். வேதநாயகரின் மரபு அறியாமல் எழுந்த மிரட்டல் அது. இசையும் ஒருவகைப் புறம்போக்கு என்பதை அவர் எண்ணூரிலேயே பாடிவிட்டார்.

பின்னர் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. வயதானதால் மூடினார்கள், பாட்டால் அன்று. 2018ல் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்ததால் கழிமுகத்தின் தென்கரை நம் மாவட்டத்தை விட்டுச் சென்றது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. வழக்கைக் கொண்டுசென்றவர்கள் பாடகர்கள் அல்லர், மீனவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழியில் பரவி வலைகளையும் படகுகளையும் கருப்பாக்கியது. அம்மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் திறனுள்ள புதிய அனல்மின் நிலையம் திறக்கப்பட்டது.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அத்தீர்ப்பைக் கையில் கொண்டு கேட்பதற்கு, எந்த நிலம் பொதுநிலம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ‘அ’ பதிவேட்டை இப்போது அரசின் இணையதளத்திலேயே பார்க்க முடிகிறது. மாவட்டம், வட்டம், ஊர், புல எண் கொடுத்தால் போதும். நம் பங்கின் கல்லறைத் தோட்டத்து எண்ணையும், அதை ஒட்டிய ஓடையின் எண்ணையும், அப்பாலுள்ள மேய்க்காலின் எண்ணையும் சென்ற மாதம் இளைஞர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். முதல் இரண்டும் மயானம், ஓடை என்றே இருக்கின்றன. மூன்றாவதற்கு எதிரே ஓர் அரசாணை எண் எழுதப்பட்டிருக்கிறது.